ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊரான திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் சேரத் தொடங்கிய வாரம். என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, இரண்டு மாதம் வேலூரில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. துணைக்கு நான் போயாக வேண்டும். மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. நம்பகமான ஒருவரிடம் குழந்தையை ஒப்படைக்காமல் வரவே மாட்டேன் என்று மனைவி பிடிவாதமாக இருந்தார். சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

உறவினர்களைக் கேட்டேன், சபையாரைக் கேட்டேன். எல்லோரிடமும் ஒரே பதில்: "ஜெபிச்சிட்டு சொல்றோம், பிரதர்." கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். பெண் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாரும் இதைத்தான் சொல்வார்கள். பிறகு பதிலே வராது.

கடைசியாக, பொதட்டூர்பேட்டையிலிருந்து எங்கள் சபைக்கு வரும் ஒரு பெண்மணியிடம் கேட்டேன். அவரும் கணவரும் வீட்டிலேயே விசைத்தறி வைத்து லுங்கி நெய்பவர்கள். அதிகப் பழக்கமில்லை. அவரும் அதையே சொன்னார். சரி, இதுவும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

கிருத்திகையன்று பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மதியம், காவடிக் கூட்டத்தோடு நடந்தே வந்து, வியர்த்து வழிய இருவரும் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"கொழந்தைய இன்னிக்கே கூட்டிகினு போலாமா?" என்றார் அந்தப் பெண்மணி.

அவரே தொடர்ந்தார். "உண்மைய சொல்லிடறேன் பிரதர். எனக்கு இஷ்டமே இல்ல. தறி சத்தத்துல பச்சக் கொழந்த எப்படி இருக்கும்? வேணாம்னு சொல்லிடு ஆண்டவரேன்னுதான் கேட்டுகினு இருந்தேன். அவரு சொல்லவே இல்ல."

கணவர் சிரித்தார். "சத்தத்துல இவளுக்குத்தான் கேக்கலையோன்னு, தறிய நிறுத்திட்டு வேற ஒருதபா கேட்டா!"

"நீ சும்மா இருய்யா."

பின்னறையைக் காலி செய்து, தறிப்பக்கக் கதவில் பழைய மெத்தையைச் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மனைவி அந்தப் பெண்மணியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் குழந்தையை அவர் கையில் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து நாங்கள் போனபோது, தவழ்ந்துகொண்டிருந்த மகள் நடந்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "உங்க பொண்ணு கண்ண மூடுனா போதும், இவுங்க தறி நின்னுடும். எங்களுக்கே மத்தியானத்துல தூங்கற பழக்கம் வந்துடிச்சி."

மனைவி இன்று நலமாக இருக்கிறார். யாராவது என்னிடம் உதவி கேட்டு வரும்போது, ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தப்பிக்க எனக்குத் துணிவு வருவதில்லை. சொல்லிவிட்டால் உண்மையாகவே ஜெபிக்க வேண்டும், வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லாமலே இருந்துவிடக்கூடும்.