அப்பா பார்த்த ஆட்டம்

உலகமே கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த அந்த வருடக் கோடையில், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அமெரிக்கக் கால்பந்து பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதியைப் பெற்றுவிட்டார்கள். லண்டன் மாமாவுக்கு ஒரு கருத்து இருந்தது. பாரிஸ் அத்தைக்கு அதற்கு நேர்மாறான ஒன்று இருந்தது. எங்களுக்குக் கிட்ட, விட்பியில் இருந்த சித்தப்பாவுக்கு இரண்டும் இருந்தன. அந்த விளையாட்டில் பந்து உருண்டையாக இருக்காது என்பதே இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எல்லாம் என் அண்ணாவால் வந்தது. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் அவனுக்குப் படிக்க இடமும் உதவித்தொகையும் கிடைத்திருந்தன. மூளைக்காக அல்ல, வலது காலுக்காக. கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட அணிக்கு உருண்டைப் பந்துச் சொக்கர் விளையாடிக்கொண்டிருந்தவனை யாரோ ஒரு பயிற்சியாளர் கண்டு பிடித்துக்கொண்டு போனார். மற்ற ஆட்டக்காரர்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துவார்கள். அண்ணா ஓரமாக நிற்பான். கூப்பிட்டால் ஓடிவந்து, இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கும் நடுவால் பந்தை உதைத்து அனுப்பிவிட்டுத் திரும்பவும் ஓரத்துக்குப் போய்விடுவான்.

"உவங்கள் எல்லாரும் மல்யுத்தம் பிடிக்கிறாங்கள். பந்தடிக்கிறது என்ர பிள்ளை மட்டும்தான்" என்பார் அப்பா.

மார்ச் மாதம் கல்லூரியை மூடியதும் அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டான். டோர்செட் பார்க்கில், லிஃப்டுக்குக் கியூவில் நிற்க வேண்டிய ஒரு தொடர்மாடியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. ஓகஸ்டில் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. இங்கே கனடாவில் பல்கலைக்கழகங்கள் அந்த வருடம் ஆட்டமே இல்லை என்று முடிவெடுத்திருந்தன. அங்கே ஆடப்போகிறார்களாம். பயமுள்ளவர்கள் வராமல் விடலாம், உதவித்தொகை நிற்காது என்றும் சொல்லியிருந்தார்கள். வரத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டையும் வந்திராது. முடிவை எங்களிடம் விட்டதுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் குடும்ப மாநாடு கூடியது. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குக் குழாய் மாற்றுவதென்றாலும் மூன்று நாடுகளைக் கேட்டுத்தான் செய்வார்கள். லண்டன் மாமா, "சனம் சாகேக்க விளையாட்டு என்ன விளையாட்டு?" என்றார். பாரிஸ் அத்தை, இளம் பிள்ளைகளுக்கு அந்தத் தொற்று தடிமன் சளி மாதிரி வந்து போய்விடும் என்று எங்கோ கேட்டதைச் சொன்னார். சித்தப்பா இருவருக்கும் தலையாட்டினார். அம்மா திரைக்குள் வராமல், அகப்பையோடு குசினி வாசலில் நின்றே பேசினார்.

"ஆளை ஆள் கட்டிப்பிடிச்சு விழுத்திற விளையாட்டு. நாங்கள் இஞ்ச கடைக்குப் போனா ஆறடி தள்ளி நிக்கிறம். என்ர பிள்ளையை நான் விடமாட்டன்."

"நான் போகாட்டி வேற கிக்கர் எடுத்திடுவாங்கள் அம்மா" என்றான் அண்ணா. "தே வோன்ட் வெயிட் ஃபோர் மீ."

அப்பாவுக்கு ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. எல்லோருக்கும் வீட்டிலிருந்து வேலை கிடைத்த காலத்தில், கோழிகளை மட்டும் ஒருவராலும் வீட்டிலிருந்து வெட்ட முடியவில்லை. வேலையால் வந்ததும் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிட்டுக் குளிப்பார். எங்களோடு இருந்து சாப்பிடமாட்டார். ஹோலில் ஒரு மெத்தையைப் போட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுப்பார். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பாவுக்கு என்னில் ஏதோ கோபம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

மாநாடு முடிந்து இரண்டு நாள் கழித்து, அப்பா மெத்தையில் இருந்தபடியே அம்மாவிடம் சொன்னார்.

"அங்க ஒண்டைவிட்ட நாள் மூக்குக்குள்ள குச்சி விட்டுப் பாக்கிறாங்களாம். எங்களை ஆர் பாக்கினம்? என்ர லைன்ல நிண்ட ரெண்டு பேரைக் காணேல்லை, ஏனெண்டு ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லை. இந்த வீட்டுக்கு வருத்தம் தொத்தினா அது என்னாலதான் தொத்தும். அவனாவது தள்ளி நிக்கட்டும். போகட்டும், விடு."

அம்மா அடுத்த நாளே அண்ணாவின் உடுப்புகளைத் தோய்த்துப் பெட்டியில் அடுக்கினார். பந்து விளையாடுகிறவனுக்குப் பாதுகாப்பு, கோழி வெட்டுகிறவனுக்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம் என்று இப்போது எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அண்ணா போனால் அவனுடைய கட்டில் எனக்குக் கிடைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அண்ணா போன கொஞ்ச நாளில் கல்லூரி ஒரு படம் கேட்டது. மைதானத்துக்குள் ஆட்களை விடமாட்டார்களாம். கதிரைகள் வெறுமையாகத் தெரியாமல் இருக்க, பிள்ளைகளின் பெற்றோரை அட்டையில் ஆளளவுக்கு வெட்டி இருத்தப் போகிறார்களாம். மற்றவர்களின் பெற்றோர் அணியின் தொப்பி போட்டு, வாயைத் திறந்து கத்துகிற மாதிரிப் படம் அனுப்பினார்கள். எங்கள் அப்பா, குடியுரிமை எடுக்கப் போனபோது வாங்கிய கோட்டைப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, பல்கனியில் வந்து நின்றார்.

"சிரிக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டார்.

சிரிக்கச் சொன்னேன். அவர் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடவுச்சீட்டுக்கு நிற்கிற மாதிரியே நின்றார். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். தன்னை அட்டையில் வெட்டி மழைக்குள் வைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

ஒக்டோபரில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணாவிடம் அது வெறும் தடிமன் என்று சொன்னோம். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போன பிறகு, சும்மா ஒட்சிசன் வைக்கக் கொண்டுபோனார்கள், இப்போது நல்ல சுகம் என்று சொன்னோம். எங்கள் சனத்திடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டுச் சாவைக்கூடச் சோதனை முடிந்த பிறகுதான் சொல்வார்கள். அதைப் பொய் என்று ஒருவரும் எண்ணுவதில்லை, பிள்ளையின் வாயில் சோறு தீத்துவது போல அதுவும் ஒரு கடமை. தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போடுவதற்கு முன் ஒரு தாதி கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பாவும் மூச்சு வாங்கி வாங்கி அதையேதான் சொன்னார்.

"மட்ச் முடியுமட்டும் அவனுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

அவர் சொன்ன ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம். சனிக்கிழமை காலையில் வைத்தியசாலையிலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்தது. அம்மா நின்றபடி கேட்டார். "தாங்க் யூ" என்று சொல்லி வைத்தார். பிறகு குசினி நிலத்தில் குந்தி, மடிக்குள் முகத்தைப் புதைத்துச் சத்தம் இல்லாமல் அழுதார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அப்பா செத்துப்போனார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது வேறு யாருடைய வீட்டிலோ நடந்த விஷயம் போலத்தான் இருந்தது.

சித்தப்பா விட்பியிலிருந்து வந்துவிட்டார். மேலே வரக்கூடாது என்பதால் கீழே வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தார். அன்று முழுவதும் அவர் செய்த வேலை ஒன்றுதான். உலகம் முழுவதும் இருந்த சொந்தக்காரரை அழைத்து, ஒருவரும் பேஸ்புக்கில் அனுதாபம் போடக்கூடாது என்று கெஞ்சினார். சாவுச் செய்தியைப் பரப்புவதில் எங்கள் ஆட்களை எந்த வானொலியாலும் முந்த முடியாது. அன்று பின்னேரம் வரைக்கும் அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். சித்தப்பா தமையனுக்காக அழுததை நான் பல்கனியிலிருந்து பார்த்தேன். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுவார். பிறகு நிமிர்ந்து அடுத்த இலக்கத்தை அடிப்பார்.

மத்தியானம் அண்ணா தொலைபேசியில் அழைத்தான். அம்மா முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பேசினார்.

"சாப்பிட்டியோ அப்பன்?"

"ஓம் அம்மா. அப்பா மட்ச் பாப்பாரோ?"

"பாப்பார். நேர்ஸிட்டச் சொல்லியிருக்கிறன்."

அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இருக்கவில்லை. அம்மாவால் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டத்தை நானும் அம்மாவும் தொலைக்காட்சியில் பார்த்தோம். விளக்கேற்றவில்லை, சமைக்கவில்லை, பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். கமெரா ஒரு தடவை கதிரைகள் பக்கம் திரும்பியது. கத்திக்கொண்டிருந்த தொப்பிக்காரர்கள் நடுவே, கோட்டும் ரையுமாக அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்தார். அம்மா "ஐயோ" என்றார். அந்த ஒரு சொல்தான். அதற்குள் கமெரா வேறு பக்கம் போய்விட்டது.

கடைசி நிமிடத்தில் அண்ணாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவனுடைய அணி இரண்டு புள்ளிகளால் பின்னால் நின்றது. உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே விட்டால் மூன்று புள்ளி, வெற்றி. தூரமும் அதிகம் இல்லை. இதைவிடத் தூரத்திலிருந்து எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் உள்ள பூங்காவில் அவன் அடித்து, நான் ஓடி ஓடிப் பொறுக்கியிருக்கிறேன். அண்ணா அப்பா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். ஓடிவந்து உதைத்தான். பந்து இடப்பக்கக் கம்பத்துக்கு வெளியால் போய் விழுந்தது.

நான் விக்கி விக்கி அழுதேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "அழு பிள்ளை, அழு, அப்பாவுக்கு அழு" என்றார். உண்மையில் நான் அழுதது பந்துக்கு. அப்பாவுக்கான அழுகை எனக்கு வந்தபோது பனிக்காலம் தொடங்கிவிட்டிருந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து அம்மா அண்ணாவை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அம்மா சொன்னார்.

"எப்ப?" என்று கேட்டான் அண்ணா.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இப்பதான் அப்பன். மட்ச் முடிஞ்ச பிறகுதான். நேர்ஸ் போனைப் பிடிச்சுக் காட்டினவ. கடைசி மட்டும் பாத்தவர்."

"கடைசி மட்டுமோ?"

"ஓம் ராசா. முழுதும் பாத்திட்டுத்தான் கண்ணை மூடினவர்."

"காலையிலயெல்லோ" என்று நான் வாயெடுத்தேன். அம்மா என்னுடைய கையைப் பிடித்து நசித்தார். எனக்கு நொந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொய்யை ஒருவரும் திருத்தவில்லை. திருத்த வேண்டிய தேவையும் வரவில்லை, மரண அறிவித்தலில் திகதியைத்தான் போடுவார்கள், நேரம் போடுவதில்லை. கேள்விப்பட்ட சனமும், பிள்ளையின் விளையாட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், குடுத்துவைத்த மனுசன் என்று ஆறுதல்பட்டது.

தகனத்துக்குப் பத்துப் பேரைத்தான் விட்டார்கள். அண்ணா வந்து தனித்திருக்க வேண்டிய நாட்கள் முடியும்வரை காத்திருக்க முடியவில்லை. தகன அடுப்பை மூட்ட அவன் அமத்த வேண்டிய பொத்தானைச் சித்தப்பா அமத்தினார். மாநாட்டில் பேசியவர்கள் கணினித் திரையில் வரிசையாக இருந்து அழுதார்கள். அண்ணாவும் அதே திரையில், விட்பியில் சித்தப்பாவின் நிலக்கீழ் அறையில், தனியாக இருந்தான்.

தனித்திருப்பு முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எங்களிடம் ஒன்றும் பேசாமல், மாலை போட்ட அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றான். கொள்ளி வைக்க வரமுடியாமல் போனதற்கு அழப்போகிறான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அம்மா அவனுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுவந்து பின்னால் நின்றார்.

"சொரி அப்பா" என்றான் அண்ணா. "லேசான பந்து. நீங்கள் கடைசியாப் பாக்கேக்க அதையும் வெளிய அடிச்சுப்போட்டன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அம்மா சொன்ன பொய் அந்த நேரம் எனக்கு நினைவு வரவில்லை. அந்தப் பந்தை அடித்தபோது அப்பா உயிரோடு இல்லையே. அவர் காணாத ஒன்றுக்கு இவன் ஏன் மன்னிப்புக் கேட்கிறான்? அம்மா ஏதாவது சொல்லுவார் என்று திரும்பினேன். தேத்தண்ணி அவருடைய கையில் ஊற்றுண்டு நிலத்தில் சொட்டியது. கை வெந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினேன்.