மூன்று கால் கேரட்

உலகம் உண்டான நாளிலிருந்து மண்ணைக் கொத்தியவர்களில் சித்தப்பாவுக்கு நிகர் யாரும் இல்லை. அவர் கடப்பாரையால் ஒரு குத்து குத்தினால் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கட்டில்மேல் ஏறிக்கொள்வார்கள். மண்புழுக்கள் எழுந்து நின்று வழிவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நேரான கேரட் விளையவில்லை.

சித்தப்பா லிஃப்ட் ரிப்பேர்க்காரர். எதையும் திறந்து பார்த்தால்தான் அவருக்கு உயிர் வரும். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கால் ஆடும், கை அரிக்கும். நன்றாக ஓடுகிற மிக்ஸியைக் கழற்றித் தரையில் பரப்பிவிடுவார். அதற்குப் பயந்துதான் சித்தி, நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு ஒன்றை அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். இறுகிப்போன களிமண். பழைய கட்டடத்து ஜல்லி வேறு. சித்தப்பா கல் பொறுக்கினார், சலித்தார், மணல் கலந்தார், இலைச்சருகு கொட்டினார். அதுவரை சரி. அது போதாதென்று, விதைக்கிற வாரத்தில், ஆவி பறக்கும் பச்சைச் சாணியை வண்டியோடு கவிழ்த்தார்.

"கொஞ்சம் மக்கட்டுங்க," என்றாள் சித்தி.

"மக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்டி."

"அது எப்பவோ ஆயாச்சு."

முளைத்த பிறகு இன்னும் மோசம். தினமும் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி நட்டார். கேரட்டெல்லாம் கால் பரப்பிக்கொண்டன.

அப்போதுதான் அந்தத் துண்டுகளை மேற்பார்வை பார்க்கும் தராசு அக்கா வந்தாள். முன்னே காய்கறிக் கடை வைத்திருந்தவள். கையில் வாங்கினாலே எடை சொல்வாள், அதனால் அந்தப் பெயர்.

"ஞாயித்துக்கிழமை பார்க்க வருவேன் தம்பி. ஒழுங்கா விளையலன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். எத்தனை பேரு காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

அன்றிலிருந்து சித்தப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை வேலைக்குப் போன கட்டடத்தில் ஏதோ ஒரு மாடியில் இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் நின்றார். துண்டு போனால் எங்கே போவது? மிக்ஸியைச் சித்தி ஏற்கெனவே பூட்டி வைத்துவிட்டாள்.

அதே மதியம் யாரோ தோட்டத்துக்குள் புகுந்து, முன்வரிசைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடையில் வாங்கிய கேரட்டுகளை இலையோடு அங்கே துளை குத்திச் செருகிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிறு காலை தராசு அக்கா குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். வழவழவென்று, ஆணி மாதிரி நேராக வந்தது. சித்தப்பாவின் வாய் பிளந்தது. முந்தாநாள் பார்த்தபோது அதற்கு மூன்று கால்!

அக்கா அதைக் கையில் ஏந்தி ஒன்றுக்கு இரண்டு முறை எடை பார்த்தாள். "ம்... நல்லாத்தான் இருக்கு."

அதோடு விட்டிருக்கலாம். சித்தப்பாவுக்குக் கை அரித்தது. அடுத்ததைப் பிடுங்கினார். கூடவே இன்னும் இரண்டு வந்தன. மூன்றையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட்.

இருவரும் அதையே பார்த்தார்கள். சித்தப்பா பாத்தியின் கோடிக்குப் போய், தன் சொந்தக் கேரட் ஒன்றைப் பிடுங்கி வந்து நீட்டினார். மூன்று கால், ஒரு தொப்பை.

"என்னுது இதுதான்க்கா. அது யாரு வெச்சதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துத் துண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அவள் ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"போன வருஷம் இதுல கடப்பாரையே இறங்கல. மண்ணு பதத்துக்கு வந்துடுச்சு தம்பி, நீதான் அதைச் சும்மா விட மாட்டேங்கறே. பச்சைச் சாணி போட்டா கால் விடத்தான் செய்யும். இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்க. ஆனா நடுவுல பிடுங்கிப் பார்த்தேன்னு தெரிஞ்சுது, உன்னையே பிடுங்கிடுவேன்."

வீட்டுக்கு வந்தும் சித்தப்பாவால் உட்கார முடியவில்லை. டூல் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நேரே வந்து, இதை எழுதிக்கொண்டிருந்த அண்ணன் மகனின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"யாருன்னு இன்னிவரைக்கும் தெரியாதாமா? அப்புறம் என் நீள ஸ்க்ரூடிரைவர்ல எப்படிடா மண்ணு ஒட்டுச்சு? போ, கழுவித் துடைச்சு வை. வெச்சதுதான் வெச்சே, அந்த ரப்பர் பேண்டைக் கழட்டியிருக்கக் கூடாதா, கழுதை?"