சிவப்பு நூல் கட்டாத தலையணை உறை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்றும் பிடிக்காது. மற்ற ஆறு நாளையும் எப்படியோ தள்ளிவிடலாம். பள்ளிக்கூடம் இருக்கும், பஸ் இருக்கும், பஸ்ஸில் சண்டை போட ஒரு கண்டக்டர் இருப்பார். ஞாயிறு வந்தால் செம்பாக்கம் ஏரிப் பக்கத்து வீட்டில் நானும் சீலிங் ஃபேனும்தான். அது சுற்றும், நான் பார்ப்பேன். ஒரு காலத்தில், எண்பதுகளின் கடைசியில், வாரம் முழுவதும் ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன் என்றால் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

அப்போது நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். வயது முப்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்லி அலுத்துப்போய், "உங்களுக்கு ஆயிடுச்சே, நீங்க என்னத்தைக் கண்டீங்க?" என்று திருப்பிக் கேட்கத் தொடங்கியிருந்தேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கும் வரவில்லை.

அவளைச் சந்தித்ததும் ஒரு சண்டையில்தான். பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அட்டையில் சரஸ்வதி வீணையை இடம் வலம் மாற்றிப் பிடித்திருந்தாள். தாம்பரத்தில் இருந்த அந்த அச்சகத்துக்கே போய், படம் போட்டது யார் என்று கத்தினேன். முதலாளி மென்று விழுங்கினார். உள்ளேயிருந்து பசை ஒட்டிய கையோடு ஒரு பெண் வந்து, "நான்தான் கீறினது. பிழைதான். திருத்தித் தாறன்" என்றாள். எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. செய்ததைச் செய்தேன் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் கொழும்பிலிருந்து வந்தவள். எண்பத்து மூன்று கலவரத்தில், தமிழர் என்பதற்காக அவர்கள் வீட்டை எரித்தார்கள். அன்று ஆபீசுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அவளும் அம்மாவும் தப்பி, பல இடம் மாறி, கடைசியில் பெருங்களத்தூரில் ஒரு வீட்டின் பின்பக்க போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். இதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சண்டை சிநேகமாயிற்று. ஒரு அறையையே பழைய பொருள்களால் படைப்பாக்கி நாங்கள் சேர்ந்து செய்தவற்றுக்கு இன்ஸ்டலேஷன் என்று பெயர் என்பதே பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நாங்கள் "அறை" என்போம். முதல் அறையில் முப்பது பழைய வாளிகளைத் தொங்கவிட்டோம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுத்ததற்காக அடிபட்ட குடும்பங்களிடம் வாங்கியவை. அந்த அறையை முடிப்பதற்குள் ஒருவரை ஒருவர் கொன்றுபோடாதது ஆச்சரியம். எந்த வாளி எங்கே என்று இரண்டு மாதம் வாயாடினோம். அதனால் அடுத்ததற்கு மூன்று விதிகள் வைத்தோம். ஒருத்தி வைத்ததை மற்றவள் எடுக்கலாம், மாற்றலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. எதைச் செய்தது யார் கை என்று வெளியாட்களிடம் சொல்லக் கூடாது. கேட்டால் "நாங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். வார நாட்களில் நேரம் கிடைக்கும்போது தனித்தனியே வந்து செய்வோம், ஞாயிறு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அடுத்த அறை, எரிந்துபோன கொழும்பு வீடு. கலவரம் நடந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நான் குடியிருந்த செம்பாக்கத்திலேயே ஒரு வீடு சுடுகாட்டுப் பாதையில் இருந்ததால் வாடகைக்குப் போகாமல் காலியாகக் கிடந்தது. வயலை மனை போட்டு விற்று, மிச்சத்தில் வரிசையாக வீடு கட்டியிருந்தவர் அதன் சொந்தக்காரர்.

"எக்ஸிபிஷனா? டெல்லி அப்பளம்லாம் போடுவீங்களா?" என்றார்.

"அப்பளம் கிடையாதுங்க. கலவரத்துல வீடு போனவங்களைப் பத்தி."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஒரு மாசம் வெச்சுக்கோம்மா. செவுத்துல மட்டும் புதுசா ஆணி அடிக்காதே. பழைய ஆணி எங்க கீதோ அதுல மாட்டிக்கோ."

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை இருந்த சிலோன் குடும்பங்களிடம், ஓடிவரும்போது கையில் எடுத்து வந்த பொருள் ஒன்றைக் கடன் கேட்டோம். ஒரு தேங்காய்த் துருவி. ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. பரீட்சை நுழைவுச்சீட்டு. அப்படி வந்த ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டினோம். நூல் இருந்தால் இடம் மாற்றலாம், வேறு எதுவும் செய்யக் கூடாது. நூல் இல்லாதவை காயலான் கடையில் எடைக்கு வாங்கியவை. அவற்றை உடைக்கலாம், எரிக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

எரிக்கும் வேலை என்னுடையது. நான் எந்தக் கலவரத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. என் வாழ்க்கையில் எரிந்தது என்று ஒன்று உண்டென்றால் அது அடுப்பில் வைத்து மறந்த பால். அதனாலோ என்னவோ, எனக்கு நெருப்பின் மேல் ஒரு வெறி. சுவரில் மண்ணெண்ணெய் விளக்கால் புகை பிடிக்கவைத்தேன். கதவைக் கருக்கினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, வூட்டக் கொளுத்திட்டியா?" என்று அலறினார். அவளோ அடுத்த முறை வந்து என் புகையின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவாள். நான் மறுபடி கரி பூசுவேன். அவள் மறுபடி வெள்ளை. "உமக்குக் கறுப்பிலதான் விருப்பம்" என்பாள் சிரித்துக்கொண்டே. நெருப்பைப் பார்த்தவள் எதற்காக வெள்ளை அடிக்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எல்லாம் புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. ஏன் என்று கேட்கக் கூடாது என்பதுதான் விதி ஆயிற்றே.

திறப்பதற்கு முந்தைய புதன்கிழமை, பள்ளி விட்டதும் நேராக அங்கே போனேன். பின்னறையில், பழைய ஆணியில் ஒரு தலையணை உறை தொங்கியது. வெள்ளைத் துணி, மூலையில் நீல நூலில் ஒரு சின்னப் பூ. நடுவில் மஞ்சளாக ஒரு கறை. சிவப்பு நூல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. காயலான் கடைச் சரக்கு என்று முடிவு செய்தேன். அந்த அறைக்கு அது ரொம்பவும் சாதுவாகத் தெரிந்தது.

ஊதுவத்தி கொளுத்தி ஓரங்களை மெதுவாகத் தின்னவைத்தேன். அதில் எனக்கு நல்ல கைப்பழக்கம். ஆனால் கங்கு அந்த மஞ்சள் கறையைத் தொட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டது. கீழே போட்டுச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை ஆணியில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். நாங்கள் செய்ததிலேயே இதுதான் உச்சம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவள் வந்தபோது அவளைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது... நீர் செய்தனீரோ?"

"கேள்வியே கேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, மறந்துட்டியா?" என்று கிண்டல் செய்தேன்.

அவள் கிட்டே போய்க் கருகிய ஓரத்தைத் தொட்டாள். விரலில் கரி ஒட்டியது. "அப்பான்ர தலையணை உறை" என்றாள். "அண்டைக்குக் காலமை அவர் படுத்து எழும்பினது. இதுக்குள்ளதான் அம்மா பத்திரங்களைப் போட்டுக்கொண்டு மதில் ஏறிக் குதிச்சவ."

என் வாயில் வந்த வார்த்தையைப் பாருங்கள்: "நூல் கட்டலியே நீ."

"எங்கட வீட்டுச் சாமானுக்கு நான் என்னெண்டு நூல் கட்டுறது? அது கடன் வாங்கினது இல்லையே." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எரிஞ்சதெல்லாம் அங்கயே போயிட்டுது. எரியாததைத்தானே நாங்கள் கொண்டு வந்தனாங்கள்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அந்த மஞ்சள் கறை அவள் அப்பாவின் தலை எண்ணெய். அம்மா ஏழு வருஷமாக அதைத் துவைக்கவில்லை. பாலித்தீன் பையில் சுற்றி அலமாரியில் வைத்து, அவ்வப்போது எடுத்து முகர்ந்து பார்ப்பாராம். இரண்டு வாரத்துக்கு மட்டும் தா என்று கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். "அம்மாவுக்கு நான் சொல்லுறன்" என்றாள். நான் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அவளாலும் சொல்ல முடியவில்லை போலும். ஞாயிறு காலை, திறந்த அரை மணியில், அம்மா கையில் மல்லிகைப் பூவோடு பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். அதை வைத்திருக்கும் இடத்தில் பூ வைக்க வேண்டும் என்று நினைத்து வந்திருக்கிறார். ஒவ்வொரு அறையாகப் பார்த்து, பின்னறைக்கு வந்து, ஆணியிலிருந்து அதைக் கழற்றி முகத்தோடு வைத்து மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"அவரின்ர மணம் போயிட்டுது" என்றார். சத்தம் போடவில்லை. "புகைதான் மணக்குது. ஆர் இதைச் செய்தது, பிள்ளை?"

நான் அவளிடமிருந்து இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். நான்தான் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை. அது என் தொண்டை வரை வந்தது. வராமல் இல்லை.

"நாங்கள், அம்மா" என்றாள் அவள்.

"நாங்கள் எண்டா?"

"நாங்கள்தான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் விதியைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல விதி. அம்மா அந்தத் துண்டை மடித்துப் பூவோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். மத்தியானம் பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் அந்த வெற்று ஆணியைப் பார்த்துவிட்டு, பிரமாதமான யோசனை என்று என் கையைக் குலுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார் பாவம்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எதுவும் செய்யவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். அவள் சண்டையே போடவில்லை. என்னை உரிமையோடு நீர் என்று கூப்பிடுவதை விட்டு, "சாப்பிட்டீங்களா, சுகமா இருக்கிறீங்களா" என்று மரியாதையாகக் கேட்கத் தொடங்கினாள். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிர்ப்படும்போது இப்படி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவள் இறங்குவாள், நான் ஏறுவேன். அந்த மரியாதைக்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

அடுத்த வருஷம் நாட்டையே உலுக்கிய ஒரு கொலை நடந்தது. சிலோன்காரர் என்றால் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிய வேண்டும் என்றார்கள். பெருங்களத்தூர் வீட்டுக்காரர் போர்ஷனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு தரம் தமிழ்ப் பேச்சைக் கேட்டே வீடு எரித்தார்கள், இன்னொரு தரம் சிலோன் பேச்சைக் கேட்டே வீடு இல்லை என்றார்கள். முன்பே கனடா போயிருந்த அவள் அண்ணன் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டான்.

கிளம்புவதற்கு முதல் நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று செம்பாக்கத்திலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். வீட்டில் கட்டில்கூட இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பாயில் உட்காரவைத்து, "இருந்து தேத்தண்ணி குடியும் பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தலையணை உறையை நினைச்சு நீர் மனம் நோகாதையும். உம்மில பிழை இல்லை. இவள் சொல்லித்தானே நீர் செய்திருப்பீர். தகப்பன்ர சாமானை எரிக்க இவளுக்கு எப்பிடி மனம் வந்துதோ, எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

அவள் தலை நிமிரவில்லை. ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இத்தனை நாளாக அந்த வீட்டில் அவள் எதோடு இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்மேல் பிழை இல்லை என்று சொல்ல எனக்கு வேறு யார் இருந்தார்கள்? தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தேன். பத்திரமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கனடாவிலிருந்து கடிதம் வந்தது மூன்று வருஷம் கழித்து. நாலு வரி. அம்மா தவறிவிட்டார் என்றும், நான் சுகமாக இருக்கிறேன் என்று நம்புவதாகவும் எழுதியிருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லோ, கோபமோ அதில் எதுவும் இல்லை. நான் பதில் எழுத உட்கார்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று எழுதவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் வந்தன.

எங்கள் அறைகளில் எது யார் கை என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. வாளிகளைக் கட்டியது யார், சுண்ணாம்பு அடித்தது யார், எதையும் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கேட்டவர் இப்போது இல்லை. அம்மா, அதை எரித்தது உங்கள் மகள் இல்லை. நான்தான்.