அம்மா துப்பாமல் விழுங்கிய தண்ணீர்

போர் இன்னும் முடியாத காலம். கண்டிக்கு மேலே அம்பிட்டியவில், ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுப் பின்பகுதியில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். மழைக்காலம். பனிமூட்டம் சன்னல் வரை வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பது போலிருக்கும்.

அம்மா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவள். தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தவள். போக வழியில்லாத அந்தப் புகையெல்லாம் அவள் நெஞ்சுக்குள்ளேயே குடியேறிவிட்டது. கிளினிக்கில் நாட்பட்ட நுரையீரல் நோய் என்றார்கள். வாயில் வைத்து மருந்தை இழுக்க இரண்டு பம்ப் கொடுத்தார்கள். நீல நிறம், மூச்சு முட்டும்போது. மண்ணிறம், முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் மாலையும். மண்ணிறத்தை இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று அங்கிருந்த தாதி மிஸ்ஸி இரண்டு தரம் சொன்னாள்.

அதன் பிறகு அம்மா தெருவுக்கு ஏறும் படியில் நாலு இடத்தில் நிற்பது போய், ஒரே இடத்தில் நின்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். சத்தம் காட்டக்கூடாது. பஸ்ஸில் என்னோடு பேசாதே, வானொலியைக் குறைத்து வை, இருமல் வந்தால் தலையணைக்குள் இருமு. எங்கோ ஒரு குண்டு வெடித்தால், இங்கே தமிழரான எங்கள் அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்க்கிற நாட்கள் அவை. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நம்பினேன்.

சில மாதங்களில் அம்மாவின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை படர்ந்தது. சோறு பட்டாலே எரிந்தது. பின்னாலேயே காய்ச்சல். நியுமோனியா என்று ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், மண்ணிற பம்பின் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்தேன். எறும்பு ஊர்வது போன்ற ஆங்கில எழுத்தில் இரண்டுமே இருந்தன. வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். நுரையீரல் நோயாளருக்கு நியுமோனியா வரலாம். யாரிடமும் கேட்கவில்லை. மண்ணிற பம்பை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"நீலம் மட்டும் போதும்மா. அந்த மண்ணிறந்தான் ஒன்னைய கெடுக்குது."

"படிச்சவ சொல்ற. சரி."

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு விடுமுறை முற்பகல். அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைந்து நின்றாள். நீல பம்புக்கு மூச்சு கேட்கவில்லை. உதடு கத்தரிப்பூ நிறமாகிக்கொண்டு வந்தது. அன்று தெருவில் இராணுவத் தேடுதல், ஒரு முச்சக்கரவண்டியும் ஓடவில்லை. என் சட்டத்தை நானே மறந்தேன். கத்தினேன். தமிழில்தான் கத்தினேன்.

வீட்டுக்கார நோனா மாவுக் கையோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் முச்சக்கரவண்டியை அவர்தான் எடுக்க வைத்தார். அம்மாவின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். சோதனைச் சாவடியில் கை காட்டி நிறுத்திய சிப்பாயிடம் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் சொன்னார், எங்கள் வீட்டு அம்மா, மூச்சு இல்லை, வழி விடு என்று. அவன் அட்டையைக்கூடக் கேட்கவில்லை.

ஒட்சிசன் வைத்து, புகை மருந்து பிடித்து, பின்னேரம்தான் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் கட்டிலருகே வந்து, தனியே கிடந்த நீல பம்பைப் பார்த்தார்.

"ஆர் மற்ற பம்பை நிப்பாட்டினது?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நாந்தாங்க. மறந்து போச்சி."

அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல், கைப்பையில் கிடந்த தாளை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டொக்டர் ஏசவில்லை.

"அதில கிடக்கிறது பொய்யில்லை. இந்த மருந்தால நியுமோனியா கொஞ்சம் கூட வரத்தான் பாக்கும். ஆனா இப்பிடி அடிக்கடி முட்டி விழுற ஆளுக்கு, மருந்து இல்லாட்டி அதைவிடப் பெரிய ஆபத்து. அளவைக் குறைச்சுப் பாப்பம். காய்ச்சல் வந்தாலோ சளி நிறம் மாறினாலோ உடன வாங்கோ. நீங்களா நிப்பாட்டாதேங்கோ." பிறகு அம்மாவிடம், "இழுத்த பிறகு கொப்பளிச்சுத் துப்புறனீங்களோ?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒரு வாய் தண்ணிய முழுங்கிருவேங்க. துப்ப மாட்டேன். கொழாய்க்கு நேரா நோனா சமைக்கிற குசினி. காலங்காத்தால தொண்டையக் காறுனா என்னா நெனப்பாங்க? இவ வேற சத்தமே காட்டாதேனு சொல்லியிருக்கா."

வாயில் வந்த புண் அதனால்தான் என்றார் டொக்டர். நியுமோனியா எதனால் வந்ததென்று யாராலும் சொல்ல முடியாதாம். எனக்கு அந்தப் பாதி ஆறுதல் போதவில்லை.

அதுவரை எங்களோடேயே நின்ற நோனாவுக்குப் பாதிதான் புரிந்தது; மீதியை என்னிடம் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் அம்மாவின் கையைத் தட்டி, தன் கணவரை இழுத்து, தனக்கு வந்த தமிழில் சொன்னார்:

"துப்புங்க அம்மே! எங்க மாத்தயா தினம் துப்புறது. மலை எல்லாம் கேக்குது!"

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. தலையணையைத் தேடாமல் இருமினாள்.

எல்லோரும் போன பிறகு, என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "கொழுந்து நிறுக்கிறப்ப ஈரத்துக்குக் கழிப்பாங்க, சாக்குக்குக் கழிப்பாங்க. கழிச்சாலும் மிச்சம் இருக்கும்ல? நீ கழிவ மட்டும் பாத்துட்டு, மூட்டையவே பள்ளத்துல கொட்டிட்ட."

அதற்குப் பிறகு அம்மா ஏழு வருடம் இருந்தாள். இன்னொரு முறையும் நியுமோனியா வந்தது. முதல் காய்ச்சலிலேயே ஓடினோம், மீண்டாள். பயந்துபோய் எதையாவது நான் நிறுத்தப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குழாயடியில் அம்மா காலைதோறும் துணிந்து துப்பிய சத்தம்தான் இன்றும் எனக்கு முதலில் கேட்கிறது.