கல்லீரலுக்காக ஒரு விரதம்

பசி மூன்றாம் நாளோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. காலையில் எங்கள் ஊர் காஹாங்கிலிருந்து குளுவாங்கிலுள்ள பள்ளிக்குக் காரில் போகும்போது, இருபுறமும் செம்பனை வரிசைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பனி மரங்களின் இடுப்பளவுக்கு நின்றது. கார் ஓரிடத்தில் நிற்பதுபோலவும் மரங்கள்தான் எங்கோ வேலைக்குப் போவதுபோலவும் தோன்றும். வகுப்பறையில் என் குரல் அடுத்த வகுப்பிலிருந்து கேட்பதுபோல இருக்கும்.

எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். முப்பது வயதுக்கு முன்பே சர்க்கரை வந்துவிட்டது. பள்ளியின் இரண்டாம் மாடிக்கு ஏறினால் பாடம் தொடங்க ஐந்து நிமிடம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஜொகூர் பாரு மருத்துவமனைக்கு ஒரு வருடம் போய் வந்து, எல்லாப் பரிசோதனையும் முடித்து, கடைசி நிபந்தனைக்கு வந்திருந்தேன். மூன்று வாரம் திட உணவு கிடையாது. மருத்துவமனை கொடுத்த புரத மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், வடிகட்டிய சூப் குடிக்கலாம். சர்க்கரை கூடவே கூடாது. என்னைப் போன்றவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது இரைப்பையின் மேல் படுத்துக்கிடக்கும். அது சுருங்கினால்தான் மருத்துவரின் கருவி உள்ளே போக வழி கிடைக்கும்.

இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நான்காம் படிவத்துக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள். பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் முன்னறையில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டியது நான்தான்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அப்பா காலில் வந்த புண்ணுக்கு ஆபரேஷன் என்று நடந்து போய்ப் படுத்தவர், திரும்பவில்லை. அதன் பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. முதல் நாள் மாலை, தோட்டத்து நாற்றுப்பண்ணையில் வேலை முடிந்து வந்த அம்மா, தொடாமல் கிடந்த என் சோற்றுத் தட்டைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, ஒடம்பு சரியில்லையா?"

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் வாயில் தானாக வந்துவிட்டது.

"விரதம்மா."

அம்மா என் தட்டை எடுத்து மூடி வைத்தார். எதற்கு விரதம் என்று அவர் கேட்கவில்லை. கல்யாண வயதில் இருக்கும் மகள் தானாக விரதம் எடுத்தால் அது எதற்காக இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் அம்மா கோயிலுக்குப் போய் எனக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு வந்தார். நான்காம் நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்:

"என்ன டீச்சர், மாப்பிள்ளைக்கு எந்த ஊரு? எங்ககிட்டகூட சொல்லக்கூடாதா?"

நான் சிரித்து வைத்தேன். அந்த நாட்களில் சிரிப்பதற்குக்கூட நான் எங்கிருந்தோ திரும்பி வரவேண்டியிருந்தது.

பிறகு பால் வந்தது. விரதம் இருக்கிற பெண் வாடிவிடக் கூடாது என்று அம்மா பசும்பாலைக் கெட்டியாகக் காய்ச்சி, பாதாம் அரைத்துவிட்டு, கற்கண்டு போட்டு, ஒரு வாழைப்பழத்தோடு காலையிலும் மாலையிலும் சாமி மேடையில் வைத்தார். சூடம் காட்டி, என் நெற்றியில் விபூதி வைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தார். படைத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பாலும் திரவம்தானே என்று என் படிப்பு எனக்குச் சமாதானம் சொன்னது. ஒரு டம்ளர்தானே. ஒரு பழம்தானே. அந்த இனிப்பு தொண்டையில் இறங்கும்போது முன்னறை மெல்ல ஆடி நின்றது. கண்ணை மூடி நான் அதைக் குடித்த விதத்தைப் பார்த்து, பக்தி என்று நினைத்திருப்பார் அம்மா.

பத்தாம் நாள் ஜொகூர் பாருவில் எடை பார்த்தார்கள். உணவியல் அதிகாரி என்னைவிட இளைய மலாய்ப் பெண். எண்ணைப் பார்த்தார், என் கோப்பைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். ஏறக்குறைய வந்த எடையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"வீட்டில் என்ன குடிக்கிறீர்கள், சிக்கு?" என்று மலாயில் கேட்டார். எங்கள் நாட்டில் ஆசிரியரை எல்லோரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவர்கள் கொடுத்த தாளில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் என்னை நம்பவில்லை, ஆனால் அதட்டவும் இல்லை. அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கள் மறுபடி எடை பார்ப்போம், அன்றும் இப்படியே இருந்தால் உங்கள் நாள் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் முறை மீண்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். ஒரு தொலைபேசி எண்ணை எழுதி என் பக்கம் தள்ளினார். இதே சிகிச்சை செய்துகொண்டவர்களும் காத்திருப்பவர்களும் பத்து பாகாட் என்ற ஊரில் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள். அந்த எண்ணை அவர் முன்பே இரண்டு முறை கொடுத்திருந்தார். எனக்கு யார் என்ன சொல்லித்தர முடியும் என்று இரண்டு முறையும் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

இந்த முறை போன் செய்துவிட்டுப் போனேன்.

அது ஒரு தையல் கடை. கதவுத் தகரத்தைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். குனிந்து உள்ளே போனதும் முதலில் தெரிந்தவை உடைகள்தான். கூரையிலிருந்து கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்: மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங், சுடிதார், பெரிய பெரிய கால்சட்டைகள். எல்லாம் குறுக்கித் தைப்பதற்காக வந்தவை. மின்விசிறிக் காற்றில் அவை மெதுவாக அசைந்தன. யாரோ தங்கள் பழைய உடம்புகளைக் கழற்றி இங்கே மாட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது. நான் அவற்றின் நடுவே நின்றுகொண்டே இருந்தேன்.

"டீச்சர்தானே? உக்காருங்க. பரீட்சையில ஃபெயிலான மூஞ்சியோட வந்திருக்கீங்களே?" என்றார் கடைக்கார அக்கா. மூன்று வருடத்துக்கு முன் இதே சிகிச்சை செய்துகொண்டவர். ஒல்லியாக இல்லை. இலேசாக இருந்தார். கையில் ஒரு ரவிக்கை இருந்தது. பேசிக்கொண்டே தையலைப் பிரித்தார். குறுக்கும்போது உள்பக்கத் துணியை அவர் வெட்டுவதில்லை, மடித்துத் தைத்து அப்படியே விட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டேன்.

"மொத வருஷம் ஒடம்பு எங்க போய் நிக்கும்னு அதுக்கே தெரியாது. வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியாது லா."

அவரைத் தவிர அன்று இன்னொருவர்தான் வந்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டும் மலாய்ப் பெண்மணி, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கடைக்கார அக்கா அவரைக் காக் என்று அழைத்தார், மலாயில் அக்கா என்று அர்த்தம். இருவரிடமும் எடை இறங்கவில்லை என்றேன்.

"வீட்ல யாரு சமைக்கிறா?" என்றார் கடைக்கார அக்கா.

"அம்மா."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்லி வெச்சிருக்க?" அவர் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்துவிட்டது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

"விரதம்னு."

அக்காவின் கையில் ஊசி நின்றது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, காக்கிடம் மலாயில் விளக்கினார். காக் மிகவும் கவலையாக என்னைப் பார்த்து, "நோன்பு வைக்கும் மாதத்தில்தான் சிக்கு நான் ஒவ்வொரு வருஷமும் எடை கூடுவேன்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். பத்து நாளில் முதல்முறையாக என் சிரிப்பு எனக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"நான் என் மாமியார்கிட்ட கேஸ்ட்ரிக்னு சொன்னேன்," என்றார் அக்கா. "பாவம், வயித்துக்கு நல்லதுன்னு மூணு வேளையும் தேங்காப்பால் கஞ்சி. என் தேதி ரெண்டு தடவ போச்சு. இந்த ரூம்ல பொய் சொல்லாதவங்க யாரும் இல்ல. ஆனா அலமாக், நீ சாமியையே இழுத்துட்டியே! போய் அம்மாகிட்ட சொல்லிடு. அடுத்த சனிக்கிழம கூட்டிட்டு வா."

"அவங்களுக்குப் புரியாது அக்கா. அவங்க படிக்காதவங்க."



"நான் ஆறாப்பு," என்றார் அக்கா, ஊசியில் நூலைக் கோர்த்தபடி. "எனக்குப் புரிஞ்சிச்சே."

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு தடவை துடைக்கும், சாலை தெரியும், மறையும். எனக்குப் படிப்பு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இப்படித்தான் ஏதோ ஓடிக்கொண்டிருந்ததோ என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றியிருந்தது. பால் டம்ளர் தயாராக இருந்தது.

"ம்மா, இது விரதம் இல்ல."

சாமி மேடைக்கு முன்னாலேயே, நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் என்ற அந்தச் சொல்லையும் சொன்னேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். மழைச் சத்தம் கூரைத் தகரத்தில் நகர்ந்து நகர்ந்து போனது.

"வெட்டி எடுக்கறத எங்க கொண்டு போய் போடுவாங்க?"

எந்த மாணவியும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. "தெரியலம்மா," என்றேன்.

"அப்ப கல்யாணம்?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பால்குடம் வேண்டிட்டேனே!"

நான் தலை குனிந்தேன்.

"சாமிகிட்ட பொய் சொன்னது நீ, நான் இல்ல. நானே போய் மாத்திச் சொல்லிக்கறேன்." குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு மாறியது. "ஒங்கப்பாவப் படுக்க வெச்சப்பவும் எனக்கு வெளங்காதுன்னு ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. யாரோ பேசுவாங்க, பேப்பரக் காட்டுவாங்க, போயிடுவாங்க. எம் புள்ள படிச்சா எனக்குச் சொல்லுவான்னு நெனச்சேன்."

அம்மா எழுந்து, படைத்ததைக் கொட்டக் கூடாது என்று அந்தப் பாலைத் தானே குடித்தார். முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு கற்கண்டா போட்டேன்?"

மறுநாளிலிருந்து முருங்கைக்கீரையும் பூசணியும் வெந்த தண்ணீரை அம்மா துணியில் வடிகட்டிக் கொடுத்தார். கோழி சூப்பும் குடிக்கலாம் என்றேன். "தை மாசத்திலயா? இருக்கற பாவம் போதும்," என்றார். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு என்ன சொன்னாரோ தெரியாது. அவர் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். மாலைகளில் நான் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். எதிர்த் தோட்டத்திலிருந்து ஈர மண் வாசனை வரும். உடம்பு தன் ஓரங்களில் இருந்து மெல்லக் கரைவதுபோல இருக்கும். பயமாகவும் இருக்கும், சுகமாகவும் இருக்கும். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்ப எப்பிடி இருக்கு?" என்பார். நானும் எப்படி இருக்கிறது என்று சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு பத்து பாகாட்டுக்கு வந்தார். தொங்கும் உடைகளைப் பார்த்து, "இம்புட்டு பேரா?" என்றார். பிறகு கேள்விகள் தொடங்கின. தோட்டத்தில் முப்பது வருடமாகப் பேசிய மலாயில் கேட்டார்: எழுந்ததும் முதலில் என்ன குடிக்கக் கொடுத்தார்கள்? முடி கொட்டுமா? வாந்தி வந்தால் யாரைக் கூப்பிடுவது? தையல் இழுக்குமா? ஒரு வருடமாக மருத்துவமனைக்கு நடந்த நான் இவற்றில் பாதியைக்கூடக் கேட்டிருக்கவில்லை. காக் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அம்மாவின் கையைப் பிடித்து, உடை மாற்றும் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"இவ்வளவுதானா?" என்று அம்மாவின் குரல் கேட்டது. "பாப்பா, அஞ்சே அஞ்சு தழும்பு. கொசு கடிச்ச மாதிரி."

அம்மா வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. அக்கா அவருக்குச் சர்க்கரை போட்ட தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை அம்மாவும் என்னோடு ஜொகூர் பாருவுக்கு வந்தார். எடைக் கருவியில் ஏறினேன். எண் ஓடி ஓடி நின்றது. உணவியல் அதிகாரி இந்த முறை ஒரே தடவைதான் பார்த்தார். "வெள்ளிக்கிழமை," என்றார். "உங்கள் நாள் உங்களுக்குத்தான்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். படிவத்தில் கையெழுத்து வாங்க வந்த தாதியிடம் அம்மா ஏதோ கேட்க நினைத்து என் தோளைத் தொட்டார்.

"உன்ன உள்ள கொண்டு போறப்ப நான் எங்க நிக்கணும்னு கேளு."

"நீங்களே கேளுங்கம்மா."

அம்மா கேட்டார். தாதி எங்களை நீண்ட நடைவழியில் அழைத்துப் போய், இரட்டைக் கதவு ஒன்றைக் காட்டினார். அம்மா அதன் அருகே சுவரோரமாகப் போய் நின்றார். கதவைப் பார்த்தார். அங்கிருந்து வருகிற வழியைப் பார்த்தார். கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு இன்னும் ஓர் அடி கிட்டே நகர்ந்து நின்றார்.

"காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும்?" என்று தன் தோட்டத்து மலாயில் கேட்டார்.

தாதி என் பக்கம் திரும்பாமல், அம்மாவின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.