ஆறவைத்த கோபால்ட்

கந்தப்பளைப் பக்கம் இருந்த, தேயிலைத்தூள் செய்யும் ஸ்டோரை மூடியபோது, அங்கே வேலைபார்த்த ஜீவராணி கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். ஒரு மழைக்காலம் தாங்கினாள். அதற்குள் முழங்கால் இரண்டும் வீங்கி, படியேறும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. கொழும்புக் கம்பெனி ஒன்று அந்த ஸ்டோரிலேயே ஒரு சோதனை எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததும், அடுப்புக்கு விறகு போடும் வேலை அவளுக்குக் கிடைத்தது. சமதரையில் நிற்கிற வேலை. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடிகளை அடுப்பில் போட்டால் ஒரு வாயு வரும். அதைக் கோபால்ட் பூசிய கறுப்பு மணிகளுக்கு நடுவே விட்டால் டீசல் மாதிரி எண்ணெய் சொட்டும். எஞ்சினியர் நிரஞ்சன் அவளுக்குச் சொன்னது அவ்வளவுதான். அவனும் இறம்பொடைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. பெரிய எஞ்சினியராகியும் அவளை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள், நிரஞ்சன் மணிகளைத் தயார்படுத்த ஹைட்ரஜனில் சுட்டு, அந்த வாயுவையும் வெளியேற்றி முடித்தான். "சூடு ஆறணும்க்கா, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நுவரெலியாவுக்குப் போனான்.

ஆயுசில் பாதியை, கொழுந்தைச் சுட்டுக் காயவைக்கும் டிரையர் ரூமில் கழித்தவளிடம் சொல்கிற பேச்சா இது? சுட்ட தேயிலைத் தூளை உடனே பரப்பிக் காற்றில் ஆறவைக்காவிட்டால் உள்சூட்டிலேயே வெந்து கெடும் என்பது அவள் கை அறிந்த பாடம். மணிகள் இருந்த கலத்தின் மூடியைக் கழற்றினாள். காற்றாடியைத் திருப்பி வைத்தாள். மணிகள் கங்காகச் சிவந்தன, பிறகு செத்துப்போயின.

திரும்பி வந்த நிரஞ்சன் பார்த்தவுடன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"தொறந்தீங்களாக்கா?"

"ஆறட்டும்னுதான் தம்பி..."

"காத்து பட்டா எரிஞ்சுரும்க்கா. நான்தான் சொல்லாம போயிட்டேன்."

"மறுபடி சுட்டுப் பாக்கலாமா?"

"பாக்கலாம். ஆனா கட்டிதட்டிப் போச்சு, பழையபடி வராது."

வரவும் இல்லை. மறுநாள் வந்தவர்கள் முன்னால் எந்திரம் நாள் முழுக்க ஓடி, எண்ணெய் பிடிக்கிற போத்தலின் அடியைக்கூட நனைக்கவில்லை. யார் தவறு என்று கேட்டார்கள். "என்னோட கவனக்குறைவு சார்" என்றான் நிரஞ்சன். ஜீவராணி அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் வேலை போய் மறுபடி மலைதான். கையில் இருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

அந்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "முழங்காலுக்கு எண்ணெ தேய்ங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தாலாவது கொஞ்சம் அழுதிருப்பாள்.

புது எஞ்சினியர் நல்ல மனிதர். வந்த அன்றே அவளிடம் வந்து பேசினார்.

"முன்னாடி இருந்தவர் மூடியத் தொறந்துபோட்டே போயிட்டாராமே? இவ்வளவு பொறுப்பில்லாத ஆளா?"

ஜீவராணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆமாங்க சார்" என்றாள்.