கிரீன் கார்டுக்கு எடுத்துவைத்த பாட்டில்

எங்கள் சன்னிவேல் அபார்ட்மெண்டில் மாடிவீட்டுக்காரி ஸ்பெயினின் வடகோடியில் இருக்கும் பாஸ்க் நாட்டவள். அவளுடைய அண்ணன் அங்கே கடலோரச் சரிவில் சின்னதாய் ஒரு திராட்சைத் தோட்டம் வைத்துக்கொண்டு, சக்கோலி என்கிற வெள்ளை வைன் செய்கிறான். போன வருஷம் ஊருக்குப் போய்வந்தவள், ஸ்வெட்டருக்குள் சுருட்டி ஒரு பாட்டில் கொண்டுவந்து தந்தாள். வைத்துக் குடிக்கிற வைன் இல்லை, சீக்கிரம் குடித்துவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னாள்.

நல்லதையெல்லாம் அப்புறம் என்று எடுத்துவைக்கிற வீடு எங்களுடையது. நல்ல பெட்ஷீட், நல்ல தட்டு, பிரிக்காத சென்ட் பாட்டில். "கிரீன் கார்டு வர்ற அன்னைக்கு ஓபன் பண்ணலாம்" என்றார் கணவர்.

பதினோரு வருஷமாக வராத கார்டு. ஆவக்காய் ஜாடிக்கும் தோசைமாவுக்கும் நடுவே பாட்டில் நின்றது. ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பச்சையாய் ஒரு வெளிச்சம், நான் பார்த்தேயிராத ஒரு கடல் எனக்குள் புரண்டு படுக்கும், மூடிவிடுவேன். நடுவில் ஒருநாள் படிக்கட்டில் அவள், வைன் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாள். இவர் கூசாமல் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்த மாதம் அவள் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறாள். ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டோம். அண்ணனின் இந்த வருஷத்துச் சக்கோலி பாட்டிலோடு வந்தவள், குளிரட்டும் என்று தானே ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

பழைய பாட்டில் அப்படியே நின்றிருந்தது.

அதை வெளியே எடுத்து, அண்ணன் கையால் ஒட்டிய லேபிளைக் கட்டைவிரலால் தடவினாள். "பிடிக்காதுன்னு தோணிச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தக் குரல் சிறுத்துப்போயிருந்தது. இவர் காது சிவக்க, கார்டு கதையை முதலிலிருந்து சொன்னார். பொய்யையும் சேர்த்து.

கேட்டு முடித்ததும் அவள் பழையதையே திறந்தாள். அவர்கள் ஊர் வழக்கப்படி பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பருகே பிடித்த டம்ளரில் நூலாய் இறக்கினாள்.

"நம்ம காபி ஆத்துற மாதிரியே இல்ல?" என்று இவர் என் காதில் முணுமுணுத்தார்.

"பண்ணதெல்லாம் போதும், சும்மா இருங்க."

நாலே நாலு குமிழி வந்தது. புளிப்பு மட்டும் மிச்சம், அதுவும் களைத்த புளிப்பு. அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"செத்துடுச்சு" என்றாள். புதுப் பாட்டிலை இவர் பக்கம் தள்ளினாள். "இதையும் கார்டுக்கு வச்சுக்கறீங்களா?"

இவர் தக்கையைப் பிடுங்கி, காபி ஆற்றுகிற தைரியத்தில் கையைத் தூக்கினார். கால்வாசி தரையில் போயிற்று. டம்ளருக்குள் விழுந்தது பொரிந்து பொரிந்து நுரைத்தது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை, நாக்கோரத்தில் துளி உப்பு. பதினோரு வருஷம் ஒரு மிடறுக்கு நகர்ந்து வழிவிட்டது.

"இன்னும் மேல" என்றாள் அவள்.

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.